தலைப்பூ தொய்ந்தால், கழன்றால், கறுத்தால்: மலையகத்தில் வீட்டில் பூச் செய்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் வீட்டிலிருந்தே தலைப்பூச் செய்து கொடுக்கும் பெண்கள் இப்போது நிறையப் பேர். கல்யாணத்துக்கும் சடங்குக்கும் பழைய பாணிப் பூவைத்தான் கேட்டு வருகிறார்கள். 1920களின் தலைப்பட்டியில் பக்கவாட்டில் வரும் துணிப்பூ, 1940களில் காதோரம் ஒற்றையாகச் செருகிய பெரிய வெள்ளைப் பூ, தேவாலயத் திருமணத்துக்கு மெழுகு மொட்டுக் கிரீடம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசை. செய்முறை பார்த்துக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை. ஆனால் அந்தச் செய்முறைகளில் பெரும்பாலானவை காய்ந்த, சூடான ஊர்களில் செய்து காட்டப்பட்டவை. அதே துணியும் அதே பசையும் இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வரும் பூக்களில் பலவற்றில் செய்தவரின் கையில் குறையே இருக்காது. குறை ஈரத்தில்தான். அதனால் பசையை மாற்றும் முன், புதுத் துணி வாங்கும் முன், முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பூவுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின் ஒன்றில் பூவை வைத்து, சப்பாத்துப் பெட்டிகளிலும் கைப்பைகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தைக் கூடப் போட்டு மூடி, ஓர் இரவு விடுங்கள். பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டவும் விட வேண்டாம்.

காலையில் இதழ் விறைப்பாகி, வாடையும் குறைந்திருந்தால் கோளாறு ஈரம்தான். பூவில் கை வைக்கத் தேவையில்லை, வைக்கும் இடத்தை மாற்றினால் போதும். ஒரு மாற்றமும் இல்லை என்றால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

சிலிக்கா ஜெல் இல்லாதவர்கள் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து வைப்பதுண்டு. ஓர் இரவுச் சோதனைக்கு ஓரளவு உதவும். ஆனால் அதை அப்படியே டின்னில் விட்டுவிடாதீர்கள், வண்டு வரும்.

கோளாறு 1: இதழ் தொய்ந்து தொங்குகிறது

"அக்கா, நேத்து நல்லாத்தான் இருந்திச்சு, இன்னைக்குக் காலையில பார்த்தா வாடிப்போச்சு." அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இதுதான். மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து கூடுதலாக வரும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு ஜூலை, ஓகஸ்டில் வறண்ட காற்று அடிப்பதால் அப்போது தொல்லை இல்லை. அவர்களுக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் மழை பிடிக்கும்போதுதான் இது தொடங்கும்.

*விறைப்பு மறுபடி வருகிறதா?*

டின் சோதனையில் இதழ் நிமிர்ந்தால், துணிக்குப் போட்ட கஞ்சி ஈரத்தை இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அரிசிக் கஞ்சி, சவ்வரிசிக் கஞ்சி, மரவள்ளி மாக் கஞ்சி எல்லாமே இப்படித்தான். ஜெலட்டினும் ஈரம் இழுக்கும். அப்படியான பூவை, வைக்கப்போகும் நாள் காலை வரை டின்னிலேயே வைத்திருந்து கொடுங்கள். வாங்குபவரிடமும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

*வரவில்லையா?*

அப்படியானால் கஞ்சி குறைவு, அல்லது துணி முழுக்கப் போய்ச் சேரவில்லை. புதுத் துணியில் கடைக்காரர் விற்கும்போதே ஒரு மெழுகுப் பளபளப்பு இருக்கும். அது ஆலையில் போட்ட பூச்சு. அதைக் கழுவாமல் கஞ்சி போட்டால் உள்ளே இறங்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, காய்ந்த பிறகு கஞ்சி போடுங்கள். இதழாக வெட்டிய பிறகு கஞ்சி போடுவதை விட, முழுத் துணிக்கும் போட்டு, சட்டத்தில் அல்லது பலகையில் இழுத்துக் காயவைத்து, அதன் பிறகு இதழ் வெட்டுவது நல்லது. ஓரமும் பிரியாது, எல்லா இதழும் ஒரே விறைப்பாக இருக்கும்.

ஜெலட்டின் பயன்படுத்துபவர்கள் ஒரு தேக்கரண்டியைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு ஒரு கப் சுடுதண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் அதன் பிடிமானம் குறைந்துவிடும். இந்த அளவு ஒரு தொடக்கம்தான். மெல்லிய பருத்திக்குச் சரியாக இருப்பது வெல்வெட்டுக்குப் போதாது. ஒரு துண்டில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

மழைக்காலத்தில் எடுத்த ஓடருக்கு நான் கஞ்சியையும் ஜெலட்டினையும் விட்டுவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துத்தான் போடுவேன். ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீர். அதுவும் ஈரத்தில் கொஞ்சம் இளகும், ஆனால் கஞ்சி அளவுக்கு இல்லை. பூச்சியும் பூஞ்சணமும் அவ்வளவாக அண்டாது. குறை என்னவென்றால் துணியின் மென்மை போய்விடும். கிட்டப் போய்ப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

*விறைப்பு இருக்கிறது, வளைவு நிற்கவில்லையா?*

கரண்டியின் முதுகைச் சூடாக்கி, மடித்த துவாய் மேல் இதழை வைத்து அழுத்திச் சுழற்றும்போதுதான் குழிவு வரும். துணி ஈரமாக இருந்தால் சூடெல்லாம் ஈரத்தைப் போக்குவதிலேயே போய்விடும், வளைவு பதியாது. முதலில் இதழைக் காயவையுங்கள். நம் வீடுகளில் முன்பு குண்டு பல்புக்குக் கீழே வைத்துக் காயவைப்போம். எல்.ஈ.டி. பல்பு வந்த பிறகு அந்த வழி போய்விட்டது, அதில் சூடு வராது. தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, ஒரு சாண் உயரத்தில் மாச்சல்லடையைப் பிடித்து அதில் இதழ்களைப் பரப்புங்கள். கை வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதும். விறகடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டாம். வெள்ளைத் துணி மஞ்சளாகும், புகை வாடை கல்யாண மண்டபம் வரை கூடவே போகும்.

*யாரிடம் கொடுப்பது:* பாட்டி காலத்துப் பட்டுப் பூ, குடும்பத்தில் பத்திரமாக வைத்திருந்தது என்றால் அதற்குக் கஞ்சியும் போடாதீர்கள், தண்ணீரும் காட்டாதீர்கள். பட்டில் தண்ணீர்ச் சொட்டு விழுந்தாலே வளையமாகத் தெரியும். கண்டி போன்ற டவுன்களில் பட்டுச் சேலையைப் பொறுப்பாகச் சுத்தம் செய்து தரும் டிரை கிளீனிங் கடையில் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கோளாறு 2: இதழ் ஓரம் பிரிகிறது, அல்லது கருகிறது

இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. உங்கள் துணி எது என்று தெரியாமல் நெருப்புக் காட்டுவதுதான் காரணம்.

துணி ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து மெழுகுதிரியில் காட்டுங்கள். சுருண்டு உருகிக் கட்டியாக நின்றால் பொலியெஸ்டர், அதற்கு நெருப்பு ஓரம் கட்டும். கடதாசி போல எரிந்து சாம்பலானால் பருத்தி. முடி கருகிய வாடை வந்தால் பட்டு. பருத்தியும் பட்டும் உருகாது, கருகத்தான் செய்யும். சாட்டின் என்ற பெயரில் கடையில் விற்பது பெரும்பாலும் பொலியெஸ்டர். ஆனால் பெயரை நம்பாதீர்கள், நூலை நம்புங்கள்.

பருத்தி, பட்டு என்றால்: முதலில் துணியைக் குறுக்குச் சாய்வாகத் திருப்பி வெட்டிப் பாருங்கள். நேர் நூலில் வெட்டுவதை விட மிகக் குறைவாகவே பிரியும். இதற்குக் காசே வேண்டாம். அடுத்து, வெட்டும் முன் கஞ்சியோ பசையோ போடுவது, மேலே சொன்னபடி. அப்புறம்தான் ஓரம் பிரியாமல் பூசுவதற்கென்று கடையில் விற்கும் திரவம்.

பொலியெஸ்டர் என்றால்: ஓரம் கறுப்பது பெரும்பாலும் கருகல் இல்லை, புகைக்கரி. சுடரின் நுனியில் காட்டினால் கரி படியும். சுடரின் அடிப்பக்கம், நீலமாகத் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், உள்ளே விடாதீர்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து செய்பவர்களுக்குக் காற்றில் சுடர் ஆடி, எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் கரி வரும். வீட்டுக்குள் மூலையில் உட்காருங்கள். பின்னலை முடிந்து கட்டுங்கள், பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர் இருக்கட்டும்.

ஓகன்சா என்ற மெல்லிய, ஊடே தெரியும் துணியில் ஓரம் கட்டுப்படாமல் பெரிது பெரிதாகச் சுருண்டால் சுடர் கிட்டே இருக்கிறது என்று அர்த்தம். சாட்டினுக்கு வைத்த தூரத்தை விட இரண்டு மடங்கு தள்ளிப் பிடியுங்கள்.

கோளாறு 3: பூ கிளிப்பிலிருந்து கழன்று விழுகிறது

விழுந்த பூவின் அடியையும் கிளிப்பையும் பாருங்கள். பசை எதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது? பதில் அதில்தான் இருக்கிறது.

*பசை முழுவதும் பூவில், கிளிப் பளிச்சென்று வெறுமையாக இருக்கிறது.* கிளிப் குளிர்ந்திருந்தது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனியே விழும். அந்த நேரத்தில் உலோகக் கிளிப்பைக் கையில் எடுத்தாலே சில்லென்று இருக்கும். அதன் மேல் சுடுபசை (குளூ கன்னில் குச்சியை உருக்கி விடும் பசை) பட்டவுடன் இறுகிவிடுகிறது, பிடிப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. கிளிப்பை உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வையுங்கள், அல்லது சூடான தேத்தண்ணிக் கோப்பைக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். பளபளப்பான மேற்பரப்பைச் சாண்ட் பேப்பரால் சுரண்டி, பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

*பசை முழுவதும் கிளிப்பில், பூவின் அடியில் பஞ்சு போல நூல் பிய்ந்திருக்கிறது.* ஒட்டிய இடம் சின்னது, பூவின் பாரம் பெரிது. அடியில் ஃபெல்ட் துணி வட்டம் ஒன்று வெட்டி, கிளிப்பின் ஒரு கால் நடுவில் வருமாறு பூவுக்கும் ஃபெல்டுக்கும் இடையில் வைத்து ஒட்டி, ஓரத்தை நூலால் நாலு தையல் போடுங்கள். நான் எந்தப் பூவையும் பசையை மட்டும் நம்பிக் கொடுப்பதில்லை. பழைய காலத்துத் தலைப்பூக்களைப் பிரித்துப் பார்த்தால் நூலும் கம்பியும்தான் சுமந்திருக்கும்.

*பசை இரண்டிலும் இருக்கிறது, நடுவில் பிளந்திருக்கிறது.* பசை சரியாக உருகவில்லை. குளூ கன் சூடாகாததற்கு நம் பக்கம் ஒரு காரணம் உண்டு. சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பும் லைட்டும் போடும் நேரத்தில் சில லயங்களில் கரண்ட் இறங்கிவிடும். பசை தடித்து, சிலந்தி நூல் போல இழுபட்டு வந்தால் அதுதான் அடையாளம். மதிய நேரத்தில் அதே குளூ கன்னை வைத்துப் பாருங்கள். அப்போது நன்றாக ஓடினால் கருவியில் பிழையில்லை, வேலை நேரத்தை மாற்றுங்கள். மதியத்திலும் ஓடவில்லை என்றால் குச்சி உங்கள் குளூ கன்னுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். குறைந்த சூட்டில் உருகும் குச்சி வேறு, கூடிய சூட்டில் உருகும் குச்சி வேறு. அதன் பிறகுதான் புதுக் கருவி.

*முத்தும் கல்லும் மட்டும் உதிர்கின்றன.* அதற்குச் சுடுபசை சரி வராது. உடனே ஒட்டும் சுப்பர் குளூவை இங்கே நான் சிபாரிசு செய்வதில்லை. ஈரக் காற்றில் அது ஒட்டும்போது சுற்றிலும் வெள்ளைப் படலம் படியும், கறுப்பு வெல்வெட்டிலும் பளபளக்கும் கல்லிலும் அசிங்கமாகத் தெரியும். இரண்டு குழாயைக் கலந்து பூசும் எபொக்சி நல்லது. குளிரில் அது மெதுவாகத்தான் இறுகும். அட்டையில் போட்டிருக்கும் நேரத்தை விடக் கூடுதலாக விடுங்கள், அசைக்காமல்.

சுடுபசை கையில் பட்டுவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள். ஓடும் தண்ணீருக்குக் கீழே 20 நிமிடம் பிடியுங்கள். கொப்புளம் பெரிதாக வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

*யாரிடம் கொடுப்பது:* குளூ கன்னைத் தொட்டால் கையில் சுர்ரென்று ஏறுகிறது, பிளக் சுடுகிறது, அல்லது கன்னைப் போட்டவுடன் வீட்டு லைட் மங்குகிறது என்றால் உடனே கழற்றிவிட்டு வயரிங் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பழைய உலோகச் சீப்பின் பல் உடைந்திருந்தால் எந்தப் பசையும் தாங்காது. பத்தரிடம் கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். கொடுக்கும் முன் பூவைக் கழற்றிவிடுங்கள், அவருடைய நெருப்புக்குத் துணி நிற்காது.

கோளாறு 4: வெள்ளைப் பூவில் செம்பழுப்புக் கறை

கறை காம்புப் பக்கத்திலிருந்து வெளியே பரவியிருந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறது. அடிப்பக்கத்தில் மட்டும் இருந்தால் கிளிப். தலை குளித்து ஈரம் காயும் முன்னே பூ வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

கடதாசி சுற்றிய கம்பி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். கடதாசி ஈரத்தை உறிஞ்சிக் கம்பியோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். வெட்டிய நுனியில்தான் துரு தொடங்கும். அந்த நுனியில் நிறமில்லாத கியூடெக்ஸ் (நகப்பூச்சு) ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டால் பெரும்பகுதி தடுக்கலாம். கிளிப்புக்கும் அதையே இரண்டு தடவை பூசுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி அல்லது பித்தளைக் கம்பி. பித்தளை செம்பழுப்பாகத் துருப்பிடிக்காது, ஆனால் வியர்வையில் பச்சை பிடிக்கும். வெள்ளைப் பூவுக்கு அதையும் மூடித்தான் வைக்க வேண்டும்.

வந்துவிட்ட கறைக்கு: வெள்ளைப் பருத்தி என்றால் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, கறை மங்கியதும் நன்றாக அலசுங்கள். வெளுப்பாக்கும் குளோரின் திரவத்தைத் துருக்கறையில் ஊற்றவே வேண்டாம், கறை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். நிறத்துணியில் தேசிக்காயும் வேண்டாம். கறை பட்ட அந்த இதழை மட்டும் மாற்றுவதுதான் சுலபம், மலிவும்கூட.

கோளாறு 5: கரும்புள்ளி, பூஞ்சண வாடை

பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் வைத்த பூவுக்கு வரும் நோய் இது. பைக்குள் போகும்போதே பூ ஈரம். பை அந்த ஈரத்தை வெளியே விடாது. கஞ்சியும் ஜெலட்டினும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

வாடை மட்டும் வந்து, புள்ளி இல்லையென்றால் நல்ல வெயில் நாளில் நிழலும் காற்றுமான இடத்தில் தொங்கவிட்டு, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் துடைத்து, டின்னில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வெள்ளைப் பருத்தியில் புள்ளி இருந்தால் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி விறைப்பு ஏற்றிப் பார்க்கலாம். வெல்வெட்டிலும் பட்டிலும் கரும்புள்ளி ஏறிவிட்டால் அந்த இதழ் போனதுதான். அதை மற்றப் பூக்களோடு ஒரே டின்னில் வைக்காதீர்கள்.

துடைக்கும்போது வெளியில் நின்று, மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள். வீட்டில் இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

கோளாறு 6: பூ புதுசாக, கடைப் பூப் போலத் தெரிகிறது

இதைக் கோளாறு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். பழைய பாணிப் பூ என்று காசு வாங்கினால் இது கோளாறுதான்.

முதலில் இதழ்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவா? ஒரே அச்சில் வெட்டிய பூ, எவ்வளவு நல்ல துணியானாலும் ஆலையில் செய்தது போலத்தான் இருக்கும். மூன்று அளவில் வெட்டி, உள்ளே சின்னதும் வெளியே பெரிதுமாக அடுக்கி, ஓரிரு இதழின் நுனியை மட்டும் பின்னால் மடியுங்கள். செலவில்லை.

அடுத்தது பளபளப்பு. சாட்டினின் மினுக்கும் பக்கத்தை உள்ளே திருப்பி, மங்கிய பக்கத்தை வெளியே வைத்துப் பாருங்கள். அதுவே பெரிய மாற்றம் தரும்.

மூன்றாவது நிறம். கண் கூசும் வெள்ளை எந்தப் பழைய பூவிலும் இல்லை. அதற்கு நம் கையிலேயே மருந்து இருக்கிறது: தேயிலை. கடுஞ்சாயம் வடித்து, துணியை அதில் ஊறவைத்தால் பழைய தந்த நிறம் வரும். பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற தேயிலை ரகங்களைப் போன்ற சின்னத் தூள் சீக்கிரம் சாயம் இறக்கும், இந்த வேலைக்கு நல்லது. ஆனால் தேயிலைச் சாயத்தில் வரும் கோளாறுகள் தனி.

*சாயம் ஏறவே இல்லை.* துணி பொலியெஸ்டர். தேயிலை அதைப் பிடிக்காது, எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் கழுவினால் போய்விடும். நூல் சோதனை செய்துவிட்டுப் பருத்திக்கோ பட்டுக்கோ மாறுங்கள்.

*திட்டுத் திட்டாக ஏறியிருக்கிறது.* துணியில் ஆலைப் பூச்சு இருக்கிறது, அல்லது காய்ந்த துணியை அப்படியே போட்டுவிட்டீர்கள். கழுவி, ஈரத்தோடு போட்டு, இடைவிடாமல் கிளறுங்கள். தூளைத் துணி வடிகட்டியால் இரண்டு தடவை வடித்துவிடுங்கள். ஒட்டிய ஒவ்வொரு தூளும் ஒரு புள்ளி.

*ஓரத்தில் கறுத்த வளையம்.* தொங்கவிட்டுக் காயவைத்ததால் சாயத் தண்ணீர் கீழோரத்துக்கு இறங்கிவிட்டது. பழைய துவாய் மேல் படுக்கவைத்துக் காயவையுங்கள். பழைய ரோஜாவின் ஓரம் போல வேண்டுமென்று சிலர் இதை விரும்பியே செய்வார்கள், அது உங்கள் விருப்பம்.

*பழுப்புக்குப் பதில் சாம்பல் நிறம்.* இது பலரைக் குழப்பும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். இரும்புச் சட்டியில் வடித்திருப்பீர்கள், அல்லது துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் எடுத்திருப்பீர்கள். எவர்சில்வர் அல்லது எனாமல் சட்டியில், மழைத் தண்ணீரில் மறுபடி செய்யுங்கள். சாம்பலான துணியை வீசாதீர்கள். மங்கிய ஊதாப் பூவோடு சேர்த்து வைத்தால் அழகாக இருக்கும்.

ஈரமாக இருக்கும்போது நிறம் கூடுதலாகவே தெரியும். மூலையில் ஒரு சின்னத் துண்டைக் காயவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோளாறு 7: சாயம் இறங்குகிறது

சிவப்பு, மெரூன் வெல்வெட்டிலும் கிரேப் கடதாசிப் பூவிலும் வருவது. கொடுக்கும் முன் நனைத்த வெள்ளைத் துணியை இதழின் பின்பக்கம் அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். நிறம் ஒட்டினால் அந்தப் பூ வெள்ளைச் சேலைக்கு மேலே இருக்கும் தலைக்குப் போகக் கூடாது.

துணி என்றால் வெட்டும் முன் தண்ணீர் தெளிவாகும் வரை அலசுங்கள். பலமுறை அலசியும் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தத் துணியைக் கைவிடுங்கள். கிரேப் கடதாசியை அலச முடியாது, நம் ஊர்த் தூறல் ஒன்றே அதற்குப் போதும். செய்து முடித்த பூவை உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்து எடுத்தால் தண்ணீர் உள்ளே போகாது. பழைய காலத்திலும் கடதாசிப் பூவுக்கு மெழுகு பூசியிருக்கிறார்கள்.

சேலையில் சாயம் பட்டுவிட்டதா? தேய்க்காதீர்கள், அயன் பிடிக்காதீர்கள். சூடு பட்டால் கறை நிரந்தரமாகும். அப்படியே டிரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோய், எந்தத் துணியின் சாயம் என்று சொல்லிக் கொடுங்கள்.

கோளாறு 8: மெழுகு மொட்டு வெடிக்கிறது

விக்டோரியா மகாராணி 1840இல் தன் திருமணத்துக்குத் தோடம்பூச் சூடினார். அதன் பின் தோடம்பூ மொட்டுக் கிரீடம் மணப்பெண்களிடம் பரவியது. உண்மைப் பூ கிடைக்காத இடங்களில் மெழுகு மொட்டு வந்தது. நம் தேவாலயங்களில் இன்றும் சில குடும்பங்கள் அதைக் கேட்கின்றன. செய்வது அழகான வேலை. ஆனால் மலைக்குளிரில் மெழுகு நொறுங்கும்.

கனமாக ஒரே தடவை தோய்த்திருந்தால் வெடிக்கும். மெல்லிதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஆறிய பிறகு தோயுங்கள். தோய்த்த பிறகு காம்பை வளைத்தாலும் வெடிக்கும், அதனால் முதலில் வளைத்து வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தோயுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் வெடித்தால் வெறும் மெழுகுதிரி மெழுகோடு கொஞ்சம் தேன்மெழுகு கலவுங்கள். இழுவை கூடும். நிறம் சற்று மஞ்சளாகும், பழைய பாணிக்கு அது நல்லதுதான்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் டின்னை வைத்து உருக்குங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள்.

கிரீடம் கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ போகிறது என்றால் கதை மாறும். அங்கே வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைத்தால் மெழுகு இளகி மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். மடியில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கோளாறு 9: மகரந்தம் உதிர்கிறது

ரவையில் தோய்த்துச் செய்த மகரந்தத்தை வண்டு தின்றிருக்கும். ரவையை முதலில் வெறும் சட்டியில் வறுத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள், பசை காய்ந்ததும் மேலே கியூடெக்ஸ் ஒரு பூச்சு. நிறத்துக்கு மஞ்சள் தூள் போட்டிருந்தால் வெயிலில் வெளுக்கும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். துணிச்சாயமே மேல்.

கோளாறு 10: தலையில் நிற்பதில்லை

பூ நல்லது, கிளிப் நல்லது, ஆனால் தாலி கட்டும் முன்னே காதுக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

தேங்காயெண்ணெய் தடவிய முடி என்றால் எந்தக் கிளிப்பும் வழுக்கும். பூ வைக்கும் இடத்தில் மட்டும் முடியை இரண்டு மூன்று தடவை அடியை நோக்கிப் பின்சீவிச் சிக்காக்கி, அந்த அடர்த்தியில் செருகுங்கள். கொண்டை ஊசியின் நெளிந்த பக்கம் தலையைத் தொட வேண்டும், நேர்ப்பக்கம் வெளியே. மாற்றிச் செருகுபவர்கள்தான் அதிகம்.

சீப்பு வைத்த பூவைச் செருகும்போது பல்லை முதலில் முகத்துப் பக்கமாகக் காட்டி முடியைப் பிடித்து, பிறகு திருப்பிப் பின்னோக்கி அழுத்துங்கள். நேராகச் செருகினால் நேராகவே வெளியே வரும்.

அப்படியும் வழுக்கினால் கிளிப்பின் உள்பக்கத்தில் வெல்வெட் ரிபன் துண்டு ஒட்டுங்கள், சீப்பின் மேற்பட்டையில் நூல் சுற்றுங்கள். அதற்கும் நிற்காதது பாரம் கூடிய பூ.  அதற்கு ஒரு கிளிப் போதாது. இரண்டு கிளிப்பை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துத் தையுங்கள், அல்லது தலைப்பட்டிக்கு மாற்றுங்கள்.

வைத்த இடத்தில் அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்புளம் வந்தால் மலிவு உலோகத்தில் கலந்திருக்கும் நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். கிளிப்பை உடனே எடுத்துவிடுங்கள். ஆறிய பிறகு பிளாஸ்டிக் சீப்பில் அதே பூவைத் தைத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் பரவினால் அல்லது நீர் வடிந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும், வீட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

முடி மிக மெல்லியதாக, குட்டையாக இருக்கும் மணப்பெண்ணுக்கு இதெல்லாம் போதாது. மணப்பெண் அலங்காரம் செய்பவரைப் பூ செய்யத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். கொண்டை எங்கே வருகிறது, சவுரி வைக்கிறாரா, முக்காட்டு வலை எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்த சீப்பையோ கிளிப்பையோ கடைசியாகத் தையுங்கள்.